சூதாட்ட மேசையும் சீட்டுப் பங்கிடுவோரும்

சூதின் தீமையை எடுத்துரைக்கும் நூல்கள் தமிழிலே பல உள. திருவள்ளுவர் அதற்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். தருமன் நாட்டையும் தம்பியரையும் பணயமாக வைத்து இழந்த கதையை நாம் இளமை தொட்டே கேட்டு வருகிறோம். இவையெல்லாம் சூதாடுவோரைப் பற்றிய செய்திகள். அவர்களுக்கு எதிரே நின்று, தம் பொருள் எதனையும் பணயம் வைக்காது, கூலிக்காகச் சீட்டுப் போடும் ஊழியரைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. டீலர் என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படும் அந்தப் பங்கிடுவோரையும், அவர் முன்னே கிடக்கும் மேசையையும் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகின்றேன்.

மேசையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவலாம். ஒரு வகுப்பிலே இருபது மாணவர் இருக்கும்போது ஆசிரியர் ஒரு விதமாகவும், அறுபது பேர் இருக்கும்போது வேறு விதமாகவும் பாடம் நடத்துகிறார். ஆசிரியர் அவரே, பாடமும் அதுவே. தொகை மட்டுமே வேறு. கசினோ என்னும் சூதாட்ட மண்டபத்திலும் இவ்வாறே நிகழ்கின்றது. மேசையைச் சுற்றி எத்தனை பேர் அமரலாம், அதன் கோடியிலுள்ள சீட்டைக் கை எட்டுமா, ஒரே பார்வையில் எத்தனை பேருடைய கைகளைக் காணலாம் என்பவை பங்கிடுவோரின் வேலையை மட்டுமன்றி, அவருடைய மதிப்பையும், நேர்மையைக் காக்கும் முறையையும், களைப்பையும் நிருணயித்துள்ளன. நானூறு ஆண்டு வரலாறு இதற்குச் சான்றாக நிற்கின்றது.

சூதாட்டத்தை ஓரிடத்திலே அடக்கி அரசு மேற்பார்வை செய்யும் வழக்கம் மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இதற்கென ஓர் அதிகாரியையே குறிப்பிடுகின்றது. ஆட்டம் ஒரே இடத்தில் நடைபெறல் வேண்டும். காய்களை அவரே வழங்குவார். வென்றவரின் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் அரசுக்கு அறவிடுவார். இந்த நூற்றுக்கு ஐந்து என்னும் கணக்கைப் பிற்காலத்துச் சீட்டு மேசையொன்றிலும் நாம் மீண்டும் சந்திப்போம்.

ஐரோப்பாவிலே அரசின் அனுமதியோடு பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட முதலாவது சூதாட்ட மாளிகை வெனிஸ் நகரத்து ரிடோட்டோ என்பர். 1638 ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அங்கே சிறு சிறு மேசைகள் இடப்பட்டிருந்தன. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பிரபு பொறுப்பாக அமர்ந்து, வங்கியை நடத்திச் சீட்டுப் போடுவார். பிரபுக்குலத்தில் பிறந்தும் செல்வம் இழந்து வறுமையுற்றோர் பலர் இப்பணியிலே பிழைத்தனர். ஆட வந்தோர் முகமூடி அணிந்திருந்தனர். சீட்டுப் போடும் பிரபுவோ முகமூடியின்றி அமர வேண்டும் என்பது விதி. மேசை சிறிது, பங்கிடுவோர் ஒருவர், அவருடைய முகமே அந்த மேசையின் நம்பிக்கைச் சாசனம். குடிப்பிறப்பு ஒன்றே நேர்மைக்குப் பிணை என்று அக்காலத்தார் கருதினர். ஆயினும் நகரத்துச் செல்வம் கரைவதைக் கண்ட வெனிஸ் பேரவை 1774 இல் ரிடோட்டோவை மூடிவிட்டது.

பிரான்சிலே இப்பணியாளருக்குக் குரூப்பியர் என்னும் பெயர் ஏற்பட்டது. இச்சொல்லின் வரலாறு சுவையானது. குதிரையின் பின்புறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இது, முதலிலே குதிரையில் ஒருவனுக்குப் பின்னால் ஏறிச் செல்பவனைக் குறித்தது. பின்பு சூதாடுவோனின் பின்னே நின்று அவனுக்குத் துணை செய்பவனைக் குறித்தது. ஈற்றிலே, மேசையில் பணத்தை வாங்கவும் கொடுக்கவும் அமர்த்தப்பட்ட ஊழியனுக்கு ஆயிற்று. முன்னே இருந்த பிரபு மெல்ல மறைந்து, பின்னே நின்ற துணைவன் மேசைக்கு வந்த கதையை இந்த ஒரு சொல்லே சொல்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே பெருவழக்காக இருந்தது பரோ என்னும் ஆட்டம். மேசை விரிப்பின் மேல் ஒரே இனத்துப் பதின்மூன்று சீட்டுகளின் உருவங்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஆடுவோர் தாம் விரும்பிய உருவத்தின்மேல் பணயம் வைப்பர். ஒரு சிறு பெட்டியிலிருந்து இரண்டு இரண்டாகச் சீட்டுகள் எடுக்கப்படும். முதற் சீட்டுக்குரிய பணயம் வங்கிக்கு, இரண்டாவது சீட்டுக்குரியது ஆடியவருக்கு. ஒரே விரிப்பின்மேல் எத்தனையோ பேர் எட்டியெட்டிப் பணயம் வைக்கலாம் என்பதால் மேசையைச் சூழ்ந்து கூட்டம் நெருக்கும். அக்கூட்டத்தின் நடுவே தனியொருவரால் சீட்டும் எடுத்து, பணமும் கொடுத்து, கள்ளக் கைகளையும் கவனிக்க இயலாது. ஆகையால் வேலை மூன்றாகப் பிரிந்தது. ஒருவர் சீட்டு எடுத்தார். மற்றொருவர், மணிச்சட்டம் போன்ற ஒரு கருவியில் மணிகளை நகர்த்தி, எந்தச் சீட்டுகள் வெளிப்பட்டன என்று எல்லோரும் காணக் கணக்கு வைத்தார். மூன்றாமவர் உயர்ந்த ஆசனத்தில் இருந்து மேசை முழுவதையும் நோட்டமிட்டார். வெனிஸ் நகரத்துப் பிரபு ஒருவரின் முகம் செய்த வேலையை இங்கே மூன்று பேரின் கண்கள் செய்தன.

இனி மொண்டே கார்லோவுக்குச் செல்வோம். பிரான்சுவா பிளாங் என்பவர் 1863 ஆம் ஆண்டில் மொனாக்கோ மன்னரிடமிருந்து அங்குள்ள கசினோவை நடத்தும் உரிமையைப் பெற்றார். 1872 இன் முடிவில் ஜெர்மனியிலே சூதாட்ட மாளிகைகள் மூடப்படவே, ஐரோப்பாவின் செல்வர் கூட்டம் மொண்டே கார்லோவை நாடியது. அங்கே மேசைகள் நீண்டன. 'முப்பதும் நாற்பதும்' என்று பொருள்படும் பெயருடைய சீட்டாட்டத்தில், விரிப்பின் இரு பாதியிலும் ஒரே பணயக் கட்டங்கள் வரையப்பட்டிருந்தன; எந்தப் பக்கத்தில் இருப்பவரும் தமக்கு அண்மையிலுள்ள கட்டத்தில் பணயம் வைக்கலாம். மேசை மனிதக் கையின் எல்லையைக் கடந்தபோது கருவி வந்தது. குரூப்பியர் நீண்ட காம்புடைய வாரியால் நாணயங்களையும் சில்லுகளையும் இழுத்தனர். பக்கரா என்னும் ஆட்டத்தில், தட்டையான மரத் துடுப்பினால் சீட்டுகளை எடுத்துத் தொலைவிலிருப்போர் முன் நீட்டினர். சீட்டுப் போடுவோர் வேறு, பணம் கொடுப்போர் வேறு, மேசைத் தலைவர் வேறு எனப் பதவிகள் பிரிந்தன. படிப்படியாகப் பழகி உயரவேண்டிய ஒரு தொழிலாக அது வளர்ந்தது.

மேசை ஒழுங்காக அமையாவிடின் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 1890 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரான வேல்ஸ் இளவரசர், யோக்ஷயரிலுள்ள டிரான்பி குறொவ்ற் என்னும் மாளிகைக்கு விருந்தினராகச் சென்றார். இரவு விருந்தின் பின் பக்கரா ஆடத் தொடங்கினர். அந்த ஆட்டம் இங்கிலாந்தில் அப்போது சட்டவிரோதமானது. மாளிகையிலே அதற்குரிய மேசையும் இல்லை. ஆகவே, கிடைத்த சிறு மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து, மேலே ஒரு துணியை விரித்து ஆடினர். வங்கியை நடத்தியவர் இளவரசரே. இலக்கமிட்ட தோற் சில்லுகளையும் அவரே கொண்டு வந்திருந்தார்.

முறையான பக்கரா மேசையிலே பணயம் வைக்குமிடம் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கும். பயின்ற குரூப்பியர் எல்லோருடைய பணயத்தையும் நோக்கிய பின்னரே சீட்டு வெளிப்படும். ஒட்டுப்போட்ட இந்த மேசையிலே அத்தகைய எல்லை எதுவும் இருக்கவில்லை. விருந்தினருள் ஒருவரான சேர் வில்லியம் கோர்டன் கமிங் என்னும் படை அதிகாரி, சீட்டு வெளிப்பட்ட பின் தம் பணயத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார் என்று சிலர் ஐயுற்றனர். மறுநாள் இரவு வேறொரு மேசை இடப்பட்டது. விளிம்பை அடுத்துச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும் கீறப்பட்டது. பணயம் இன்ன எல்லையில் இருத்தல் வேண்டும் என்பதற்காகவே அக்கோடு. அன்றும் ஐயம் நீங்கவில்லை. இனிச் சீட்டையே தொடுவதில்லை என்று அவரிடம் கையொப்பம் வாங்கினர். இரகசியம் வெளியாகவே, அவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1891 ஜூன் மாதம் இளவரசரே சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்தது. தாம் வென்ற பணத்தை அடுத்த பணயத்தோடு சேர்த்து வைக்கும் ஒரு முறையைக் கையாண்டதாகவே அதிகாரி வாதித்தார். யூரிமார் பதின்மூன்று நிமிடத்தில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அவர் படையினின்றும் நீக்கப்பட்டார்.

அவர் குற்றவாளியா அன்றா என்பது இன்றும் வாதத்துக்குரியது. வரலாறு பயில்வோர் காணவேண்டியது வேறொன்று. பணயம் வைத்த கை எப்போது நகர்ந்தது என்பதை ஐயமறச் சொல்லக்கூடிய பயின்ற பங்கிடுவோர் அங்கே எவரும் இல்லை. அத்தகையவர் கண்ணுக்கு எல்லை காட்டும் மேசையும் முதல் இரவிலே இல்லை. ஒரு மனிதனின் மானம் சிக்கிய வழக்கில், இரண்டாம் நாள் கீறிய சுண்ணக்கோடு பிந்தி வந்த பாதுகாப்பாயிற்று.

இருபதாம் நூற்றாண்டிலே காட்சி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்கு மாறுகின்றது. 1931 ஆம் ஆண்டில் அங்கே சூதாட்டம் சட்டபூர்வமாக்கப்பட்டது. நாளடைவில் பரோ மறைய, 'இருபத்தொன்று' என்னும் பிளாக்ஜாக் ஆட்டம் முதன்மை பெற்றது. இதற்கு அமைந்த மேசை அரைவட்ட வடிவானது. வளைந்த பக்கத்தில் ஆறேழு பேர் அமர்வர். நேரான பக்கத்தில் பங்கிடுவோர் தனியே நிற்பார். எந்த இருக்கையும் அவர் கைக்கு எட்டும். எந்தக் கையும் அவர் பார்வைக்குத் தப்பாது. ஆகவே வாரியும் இல்லை, துடுப்பும் இல்லை, துணைவரும் இல்லை. சீட்டுக் கலைத்தல், பங்கிடல், கூட்டிப் பார்த்தல், பணம் கொடுத்தல், காவல் புரிதல் ஆகிய யாவும் ஒருவர் தலைமேல் வந்தன. அவருடைய விருப்பத்துக்கு மட்டும் இடமில்லை. பதினாறு வரையில் சீட்டு எடுக்க வேண்டும், பதினேழில் நிறுத்த வேண்டும் என்னும் விதி மேசை விரிப்பிலேயே அச்சிடப்பட்டது.

இங்கே இருக்கைகளின் தொகை பங்கிடுவோரை எவ்வாறு ஆட்டுவிக்கின்றது என்பதைச் சிறு கணக்கினால் விளக்கலாம். பிளாக்ஜாக்கில் ஒரு கைக்குச் சராசரி இரண்டேமுக்கால் சீட்டு வரை செலவாகும். ஒருவர் மட்டும் ஆடினால், பங்கிடுவோரின் கையையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஐந்தாறு சீட்டுகள் போதும். ஏழு பேர் ஆடினால் எட்டுக் கைகள். ஏறத்தாழ இருபத்திரண்டு சீட்டுகள். ஒரு கட்டில் உள்ளவை 52 சீட்டுகளே. எனவே நிறைந்த மேசையில் இரண்டு சுற்று முடிந்ததும் கட்டைக் கலைத்தாக வேண்டும். நேரக் கணக்கும் இதை ஒத்ததே. ஒருவரே ஆடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 200 சுற்றுகள் நடக்கும் என்றும், ஏழு பேர் நிறைந்த மேசையில் 50 சுற்றுகள் மாத்திரமே நடக்கும் என்றும் கசினோ நிருவாகத்தினர் கணக்கிடுவர். சுற்று குறைகின்றது, ஆனால் பங்கிடுவோர் கூட்டிப் பார்த்துப் பணம் தீர்க்கும் கைகள் 200 இலிருந்து 350 ஆக உயர்கின்றன. தனித்து ஆடுபவருக்கு முன் அவர் விரைவினால் களைக்கின்றார். நிறைந்த மேசை முன் கணக்கின் மிகுதியால் களைக்கின்றார். ஆடுபவர் நிலையோ இதற்கு மாறானது. கூட்டமான மேசையில் அவர் மெதுவாகவும், தனிமேசையில் விரைவாகவும் இழக்கின்றார்.

இக்கணக்கின் நுட்பத்தை வேறொருவர் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தினார். எட்வேட் தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர் 1962 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட நூலொன்றில், வெளிப்பட்ட சீட்டுகளை நினைவில் வைத்து ஆடினால் கசினோவையே வெல்லலாம் என்று நிறுவினார். லாஸ் வேகாஸ் நகரத்துக் கசினோக்கள் அஞ்சி, 1964 ஏப்ரல் மாதம் ஆட்டவிதிகளைக் கடுமையாக்கின. ஆட வருவோர் குறையவே, சில வாரங்களுள் பழைய விதிகளுக்குத் திரும்பின. அதன் பின் கையாண்ட வழி, பல கட்டுகளை ஒன்றாகக் கலந்து ஒரு பெட்டியில் இட்டுப் பங்கிடுவது. ஆறு கட்டானால் 312 சீட்டுகள். கையிலே கட்டைப் பிடித்து விரல் நுனியால் சீட்டு விடும் பழைய கைவண்ணம் இதனால் அருகியது. 1990-களிலிருந்து கலைக்கும் வேலையையும் இயந்திரம் ஏற்றது. பங்கிடுவோர் இளைப்பாறிய அந்தச் சிறு இடைவேளையும் அதனோடு போயிற்று.

பக்கரா மேசையின் கதை இன்னும் தெளிவானது. கியூபாவிலிருந்து 1959 ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸுக்கு வந்த பக்கரா, தனியாக அடைக்கப்பட்ட பகுதியிலே பெரிய மேசையில் ஆடப்பட்டது. பன்னிரண்டு அல்லது பதினான்கு பேர் அமரலாம். பதின்மூன்றாம் இலக்கத்தை மட்டும் இருக்கைகளுக்கு இடுவதில்லை. மூன்று பங்கிடுவோர் மாலை விருந்துக்குரிய உடையணிந்து பணி செய்தனர். ஒருவர் நின்று ஆட்டத்தை அறிவிப்பார். இருவர் அமர்ந்து தத்தம் பக்கத்துப் பணயங்களைத் தீர்ப்பர். வங்கிப் பக்கம் வைத்து வென்றோர் நூற்றுக்கு ஐந்து வீதம் தரகு கொடுத்தல் வேண்டும். ஒவ்வோர் இருக்கைக்கும் உரிய தரகைச் சிறு கட்டங்களில் குறித்து வைப்பதும் அவ்விருவர் கடமை. பெட்டியிலிருந்து சீட்டெடுப்போர் ஆடுவோரே. அவர்கள் சீட்டின் ஓரத்தை மெல்ல மடித்து, ஆவலோடு நோக்கி, ஆறுதலாக வெளிப்படுத்துவர். மேசை பெரிது; ஆட்டம் மெதுவானது; ஊழியர் மூவர்; ஒருவர் தவறினால் மற்றவர் திருத்துவார்.

பின்னாளில் இதே ஆட்டத்துக்குச் சிறிய மேசை வந்தது. அரைவட்டம், ஏழு இருக்கை, ஒரே பங்கிடுவோர். ஆடுவோர் சீட்டைத் தொடுவதில்லை. அவரே எடுத்து, அவரே திறந்து, அவரே பணமும் தீர்க்கின்றார். விதிகளில் மாற்றமில்லை. வங்கிப் பக்கத்துப் பணயத்தில் கசினோவுக்குக் கிடைக்கும் இலாபம் இரு மேசைகளிலும் நூற்றுக்கு 1.06 தான். மாறியது வேகம். ஒருவர் சுற்றுக்கு 100 ரூபா வீதம் நூறு சுற்று ஆடினால் சராசரி 106 ரூபா இழப்பார். அதே நேரத்தில் இருநூறு சுற்று ஆடினால் 212 ரூபா. மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்யும்போது கூலிச் செலவு மூன்றிலொன்றாகின்றது. வேகம் கூடும்போது வரவும் கூடுகின்றது. மேசையைச் சிறிதாக்கியதால் முதலாளிக்கு இரு வழியிலும் ஆதாயமே.

ஊழியருக்கோ பொறுப்பைப் பகிர்ந்து கொள்ளத் துணைவர் இல்லை. துணைவர் கண்ணுக்குப் பதிலாகக் கூரையிலுள்ள ஒளிப்படக் கருவியின் கண் வந்துள்ளது. மேசையை விட்டு நீங்கும்போது இரு உள்ளங்கைகளையும் தட்டி விரித்துக் காட்டி, எதுவும் எடுக்கவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். சட்டைப்பைகள் மறைக்கப்பட்டிருக்கும். பணயம் இழந்தவரின் சினமும், அவர் ஊதும் புகையும் கையெட்டும் தூரத்திலிருந்தே முகத்தில் மோதும். 2002 ஆம் ஆண்டில் தனியுரிமை நீங்கிய பின் பக்கராவினால் பெருவளர்ச்சி கண்ட மக்காவ் நகரத்திலே, பங்கிடுவோர் புகைக்கு எதிராகப் பல ஆண்டுகள் குரலெழுப்பினர். 2019 ஆம் ஆண்டு முதல் அங்கே தனியறைகளில் மட்டுமே புகைக்கலாம் என்றாயிற்று. சிறிய மேசையின் அண்மை அவர்கள் உடல்நலத்தையும் தொட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று, மேசையின் அளவுக்குப் புதியதொரு பொருளைத் தந்தது. மூடப்பட்டிருந்த நெவாடாக் கசினோக்கள் அவ்வாண்டு ஜூன் 4 ஆம் திகதி மீண்டும் திறந்தபோது, பிளாக்ஜாக் மேசையொன்றுக்கு மூவரே அனுமதிக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இலாபத்துக்காக அளக்கப்பட்ட இருக்கைகள் அப்போது உயிருக்காக அளக்கப்பட்டன.

இன்று மற்றொரு மாறுதலும் வேரூன்றி விட்டது. பங்கிடுவோர் ஒருவர் ஒளிப்படக் கருவியின் முன் நின்று சீட்டுப் போட, நூற்றுக்கணக்கானோர் பல தேசங்களிலிருந்தும் தம் வீட்டுத் திரையில் கண்டு பணயம் வைக்கின்றனர். அவர் முன்னுள்ள மேசை மிகச் சிறிது. ஆனால் அதன் இருக்கைகளுக்கு எல்லையில்லை. பணம் தீர்ப்பது கணிப்பொறி. வெனிஸ் நகரிலே சீட்டுப் போட்டவர் முகங் காட்ட, ஆடியவர் முகத்தை மறைத்தனர். இங்கும் அப்படியே, பங்கிடுவோரின் முகத்தை உலகம் காண்கின்றது, அவரோ எவர் முகத்தையும் காண்பதில்லை. தம் எதிரே இருப்பவர் வீட்டு வாடகைப் பணத்தை வைத்து ஆடுகின்றாரா, கைகள் நடுங்குகின்றனவா என்று அறியும் வாய்ப்பும் அவருக்கு இல்லை.

அன்பர்களே, மேசை என்பது மரமும் துணியும் மட்டுமே. எனினும் அதனை எவ்வளவு நீளமாகச் செய்வது, அதன் முன் எத்தனை ஊழியரை நிறுத்துவது என்பதை மரமும் துணியும் தீர்மானிப்பதில்லை. இலாபக் கணக்கு எழுதுவோரே தீர்மானிக்கின்றனர். அவ்வளவு மாறும்போதெல்லாம், அதன் இரு பக்கத்திலும் இருப்போரின் வாழ்வும் மாறி வந்திருக்கின்றது. சூதைக் கடிந்த நம் முன்னோர் ஆடுவோரின் கேட்டை எண்ணினர். அவர்களோடு, கூலிக்காக அம்மேசையின் மறுபக்கத்தில் நின்று, பிறர் இழப்பை நாள்தோறும் எண்ணிக் கொடுக்கும் ஊழியரையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும். வேலை செய்வோர் தொகையைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் எந்தத் தொழிலிலும் இந்தச் சீட்டு மேசையின் வரலாறு ஒரு பாடமாகும்.